பதினோராம் வண்டிக்கு ஒரு சட்டை

லோகேஷ் அண்ணனுக்குப் பதிலாக வரப்போகிற ஆளின் சட்டையை என் வண்டியில்தான் ஏற்றியிருந்தார்கள். அண்ணன் அப்போது எனக்கு இரண்டு வண்டி தள்ளி நின்று, முன் கண்ணாடியைத் துடைத்தபடி விசிலடித்துக்கொண்டிருந்தார். துடைக்கிற கையை மட்டும் அடிக்கடி மாற்றிக்கொண்டார். அதைப் பார்த்தேனே தவிர நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

எங்கள் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பேய்க்கதை அளக்கிறேன் என்று எழுந்து போய்விடுவீர்கள். முன்பெல்லாம் ஜனங்கள் வேண்டியதை போனில் ஆர்டர் போடுவார்கள், பிறகு பொருள் கிளம்பும். இப்போது பொருள் முதலில் கிளம்புகிறது, ஆர்டர் பிறகு வருகிறது. யார் வீட்டில் எப்போது என்ன தேவைப்படும் என்று 'கைவசம்' கம்பெனியின் கணினி முன்கூட்டியே பார்த்து, நீலாம்பூர் குடோனில் எங்கள் வண்டிகளில் ஏற்றச் சொல்லிவிடும். நாங்கள் கொண்டுபோய்த் தெருமுனையில் நிற்போம். வீட்டுக்காரர் போனைத் தொட்டதும் வாசலில் இருப்போம். ஒண்டிப்புதூரில் ஓர் அம்மாவின் மிக்ஸி புகைந்து, புகை அடங்குவதற்குள் புது மிக்ஸியோடு போய் நின்றேன். அந்தம்மா கும்பிடுவதா விரட்டுவதா என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில சமயம் நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்களே வெளியே வந்து, "நாங்க எதும் ஆர்டர் பண்ணலையே" என்பார்கள். 'தெரியும், இன்னும் பண்ணல' என்று சொல்லக்கூடாது. அது கம்பெனியின் கண்டிப்பான ரூல், ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். 'பக்கத்து வீட்டுக்குங்க' என்று சொல்லிச் சிரிக்கவேண்டும். சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. பொட்டலம் கை மாறினால்தான் கூலி. காத்திருப்பது வேலையே அல்ல என்று கம்பெனி கோர்ட்டில் வாதாடி ஜெயித்தது. ஜெயித்ததோடு விடவில்லை. எங்கள் மணிக்கட்டில் கட்டிவிட்டிருக்கும் பட்டை, வண்டி நின்று கொஞ்ச நேரமானால் தானாக அணைந்துபோகும்படி செய்துவிட்டது. ஓடுகிற நேரம் முழுக்க அந்தப் பட்டை எங்கள் நாடி, நடை, களைப்பு எல்லாவற்றையும் அளந்து அனுப்பும். நின்றுவிட்டால் செத்த பல்லி மாதிரி கையில் கிடக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குள் உட்கார்ந்து வேகிற நேரத்தில் நாங்கள் யாருடைய வேலையாளும் கிடையாது.

ஓடும்போது மட்டும் என்ன வாழ்ந்தது? அப்போதும் நாங்கள் கம்பெனியின் ஆட்கள் இல்லை. சட்டையின் நிறம் கம்பெனியுடையது, வண்டியின் கடன் எங்களுடையது, கூலி கொடுப்பது பூபதி அண்ணன். அவர்தான் காண்ட்ராக்டர். அவருக்குக் கீழே எட்டு வண்டி. லோகேஷ் அண்ணனுடையது பதினோராம் எண், என்னுடையது பதினான்கு.

அந்தக் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் ஜோசியக்காரன். எங்களுக்குள் ஒரு பழக்கமும் உண்டு. தன் வீட்டுக்கு வருகிற பொட்டலத்தை யாரும் தானே கொண்டுபோவதில்லை. குடோனில் ஏற்றும்போதே பார்த்துக் கைமாற்றிக்கொள்வோம். முன்பொரு டிரைவரின் வண்டியில் அவர் வீட்டு முகவரிக்கே பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர் ஒரு கட்டு வந்தது. அவருடைய அப்பா அன்று காலையில்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பகல் முழுக்க அந்தக் கட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஓட்டியிருக்கிறார். போன் வந்தபோது வண்டியை ஓரங்கட்டிக்கூட நிறுத்தத் தெரியாமல் நடுரோட்டில் நின்றுவிட்டாராம். அன்றிலிருந்து இந்தப் பழக்கம்.

சட்டை கண்ணாடிக் கவரில் இருந்தது. நெஞ்சுப் பக்கம் 'கவின்ராஜ்' என்று தைத்திருந்தது, அதற்குக் கீழே 11. அளவுச் சீட்டில் இருகூர் வீட்டு முகவரி. கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய இடம் பூபதி அண்ணனின் ஆபீஸ். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர் கிடையாது.

பூபதி அண்ணனின் ஆபீஸ் என்பது பைபாஸ் பாலத்துக்கு அடியில் ஒரு ஷட்டர் கடை. அவரும் பத்து வருஷம் எங்களைப்போல் வண்டி ஓட்டியவர்தான், இடுப்பு போனபிறகு காண்ட்ராக்டர் ஆனார். கவரை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. தான் எதுவும் ஆர்டர் போடவில்லையே என்றார். அவரிடமாவது ரூலை மீறலாம் என்று, இன்னும் போடவில்லை என்றேன்.

அவர் ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். பட்டை சொல்கிற நாடியை வைத்து, பதினோராம் வண்டி சீக்கிரமே ஆள் இல்லாமல் நிற்கும் என்று ஜோசியக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். கவின்ராஜ் யாரென்று கேட்டேன். வண்டிக் கடன் எப்படிக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிற யாரோ ஒரு பையனாக இருக்கும், கடைசியில் இந்த வேலைக்குத்தான் வந்து நிற்பான் என்று அதற்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது என்றார்.

"லோகேஷண்ணனுக்கு என்ன ஆகப்போகுதுங்ணா?"

"அது அதுக்குத் தெரியாது அம்மிணி. ஆள் இருக்கமாட்டான்னு தெரியும். ஏன் இருக்கமாட்டான்னு தெரியாது. படுத்துருவானா, போய்ச் சேர்ந்துருவானா, கோவிச்சுட்டு ஊருக்குப் போயிருவானா, எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். காரணம் அதுக்கு வேண்டியதில்ல."

"சட்டை தைக்கச் சொல்லத் தெரியுது. அந்த மனுஷனுக்கு நாலு நாள் லீவு குடுக்கச் சொல்லத் தெரியலீங்களா?"

பூபதி அண்ணன் கொஞ்ச நேரம் பாலத்துக்கு மேலே லாரிகள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "லீவுன்னு ஒரு சரக்கே அந்தக் குடோன்ல இல்லையேம்மா," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே யாராவது லீவு கொடுத்தால் தேவலை என்று இருந்தது. அவர் ஆர்டர் போடவில்லை. சாயங்காலம் சட்டையை குடோனில் திருப்பி ஒப்படைத்தேன். மறுநாள் காலையில் அது மறுபடியும் என் வண்டியில் இருந்தது.

லோகேஷ் அண்ணனிடம் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. சாதிக்கிடம் சொன்னேன். சாதிக் எட்டுப் பேரில் சின்னவன், வாய் மட்டும் பெரியது. நேராகப் போய் அண்ணனிடம் சொல்லிவிட்டான். சிங்காநல்லூர் பேக்கரியில் டீக்கு நிற்கும்போது அண்ணன் சிரித்துவிட்டு, "பரவால்ல, புதுசா வர்றவனுக்குச் சட்டையாவது பொருத்தமாத் தைக்கிறானுகளே, என்னுது அக்குள்ல பிடிக்குது," என்றார். சிரித்துக்கொண்டே இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். மூட்டை தூக்கித் தூக்கி வந்த வலி என்று ஒரு மாதமாக அதற்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது வயசு. ராத்திரி வேர்க்கிறது, அது புழுக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

அவர் மனைவி பிரீத்தாக்காவுக்கு போன் போட்டேன். அவர் மில்லிலிருந்து வேலை உடுப்போடு கிளம்பி வந்து, நடுத்தெருவில் வைத்து அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கி, பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்துவிடலாம், அதற்கு ஒன்றும் செலவில்லை. ஆனால் ஒரு மாதம் வண்டி ஓட்டக்கூடாது, எடை தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று நாள் வண்டி நின்றால் ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும், ரூட் இல்லாத வண்டிக்குத் தவணை யார் கட்டுவது என்பது அவர் கேள்வி. வண்டி போனால் வீடு, வீடு போனால் பிள்ளையின் படிப்பு என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அடுக்கினார். பிரீத்தாக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நான் அடக்கிக்கொண்டேன்.

வழி சொன்னவன் சாதிக்தான். "பட்டையக் கழட்டிக் குடுங்ணா," என்றான்.

அந்தப் பட்டைக்கு நாடிதான் தெரியும், யார் கை என்று தெரியாது. காலையில் ஒரு தடவை போனில் முகத்தைக் காட்டினால் போதும், பட்டை எங்கே இருந்தாலும் விழித்துக்கொள்ளும். அதற்கப்புறம் அதை யார் கட்டினால் என்ன? எங்கள் பட்டைகளோ காத்திருக்கும்போது அணைந்து கிடக்கின்றன. நாங்கள் வேலையில் இல்லை என்று கம்பெனியே கோர்ட்டில் சொன்ன நேரம் அது. ஜோசியக்காரன் எங்களைப் பார்க்காத ஒரே நேரமும் அதுதான்.

அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். தெருமுனையில் யார் காத்திருக்கிறார்களோ அவர் தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அண்ணனின் பட்டையைக் கட்டிக்கொண்டு பதினோராம் வண்டியை எடுப்பார். நாலு தெரு ஓட்டிவிட்டு அடுத்துக் காத்திருப்பவரிடம் ஒப்படைப்பார். அதற்குள் அவருடைய சொந்த வண்டிக்கு ஆர்டர் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுப்பார். எங்களுக்கு ஊரெல்லாம் சந்து பொந்து தெரியும், எந்த வேப்பமரத்தடியில் எந்த வண்டி நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையைச் சீவிக்கொண்டு, கம்பெனிச் சட்டையை மேலே மட்டும் மாட்டிக்கொண்டு, காலையில் போனுக்கு முகம் காட்டுவார். இடுப்புக்குக் கீழே ஆஸ்பத்திரித் துணி. நர்ஸம்மா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஸ்டென்ட் வைத்து முடித்தார்கள். அந்த வாரமே கவின்ராஜின் சட்டை என் வண்டியில் வருவது நின்றது. ஜோசியக்காரனுக்குப் பதினோராம் வண்டிக்காரன் குணமாகிவிட்டான். ஏன் என்று அது கேட்கவில்லை. சாதிக் பேக்கரியில் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தான். நாங்கள் ஜோசியக்காரனை ஏமாற்றிவிட்டோம் என்று எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் வாழ்க்கையில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்து நான் பார்த்ததில்லை, அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு காலை. வண்டித் திரையைப் போட்டால் அண்ணனின் போட்டோ. தலை சீவிய போட்டோ, பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர். 'பதினோராம் வண்டியைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பூபதி அண்ணன் என்னை ஷட்டருக்குள் கூப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை.

"அம்மிணி, லோகேஷ் எங்க படுத்திருக்கான்னு எனக்குத் தெரியும். என்கிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம். ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? பட்டைய ஒரு ஆள் கட்டி, களைச்சுப்போறதுக்குள்ள இன்னொரு ஆள் கைக்குப் போயிருது. ஜோசியக்காரன் என்னத்தப் பார்க்குது? காலைல ஏறினவன் சாயங்காலம் வரைக்கும் களைக்கவே இல்ல. மூச்சு வாங்கல, கால் தளரல. நாள் பூரா அப்பத்தான் குளிச்சுட்டு வந்தவனாட்டம் ஓடறான். இப்படியும் ஒருத்தன் ஓட்ட முடியும்னு அது தெரிஞ்சுக்கிச்சு."

"தெரிஞ்சுக்கிட்டா என்னுங்ணா?"

"அவன் ஒருத்தனால முடிஞ்சா மத்தவங்களால ஏன் முடியாது? அளவுகோல் இனி அவன்தான். உங்களுக்கு மட்டுமில்ல. ஈரோட்டுக் காண்ட்ராக்டர் போன் போட்டு, யாருய்யா உங்க ஊர்ல அந்த லோகேஷ், மனுஷனான்னு கேக்கறான்."

அன்றைக்கு அதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் பிடிபட்டது. காத்திருக்கிற நேரம் ஒவ்வொரு தெருவாகக் காணாமல் போயிற்று. ஒரு பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சுவிட இருந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. வண்டியில் ஏற்றுகிற சுமை கூடிற்று. வேலைதான் சுலபமாக முடிகிறதே என்று ஒரு பொட்டலத்துக்கான கூலியைக் கொஞ்சம் குறைத்தார்கள். காத்திருப்பு இல்லாததால் பதினோராம் வண்டியை எடுக்க நேரமில்லை, எடுக்காமலும் விடமுடியவில்லை. மத்தியானச் சோற்றை விட்டோம். சாதிக் ஒரு நாள் சிக்னலில் ஸ்டியரிங் மேலேயே தூங்கிப்போனான். பின்னால் நின்ற பஸ்காரர் இறங்கி வந்து கன்னத்தில் தட்டி எழுப்பியிருக்கிறார். எழுந்தவன் முதலில் பார்த்தது கையில் இருந்த அண்ணனின் பட்டையைத்தானாம். தான் தூங்கியது அண்ணன் கணக்கில் போய்விடுமே என்று அழுதுவிட்டேன் அக்கா என்றான்.

மற்ற ஊர்களில் எத்தனை பேர் தூங்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாங்கள் பார்த்தேயிராத ஆட்களை, எங்கள் அண்ணனின் பெயரைச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனிடம் யாரும் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். ஆனால் தினமும் முகம் காட்டுகிற போனில் அவர் படத்தை அவரே பார்த்துவிட்டார். பிறகு சாதிக்கின் வாயைப் பிடுங்கி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். அதற்குள் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், நான் போனபோது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

"நீங்க என்னையப் பொழைக்க வெச்சீங்க. அத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா என் பேர்ல ஒருத்தன் ஓடறான் பாரு ஜீவிதா, அவன் எல்லாத்தையும் கொன்னுட்டுத்தான் நிப்பான். பட்டையக் குடு."

"டாக்டர் சொன்ன மாசம் இன்னும் முடியலீங்ணா."

"முடியல. ஆனா என் கையில கட்டினாத்தான அவன் நிப்பான்?"

பிரீத்தாக்கா சமையற்கட்டிலிருந்து வரவே இல்லை. நான் தரமாட்டேன் என்றேன். அவர் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அண்ணன் பதினோராம் வண்டியை எடுத்தார். சாதிக்கும் நானும் அவருடைய கனமான பொட்டலங்களை மட்டும் எங்கள் வண்டிக்கு மாற்றிக்கொண்டோம். அப்படியும் மத்தியானத்துக்குள் அவர் உதடு வெளுத்துவிட்டது. ஏழு பேர் சேர்ந்து ஓடிய ஓட்டத்தை ஸ்டென்ட் வைத்த ஒரு நெஞ்சு எப்படி ஓடும்? திரை அவரைப் பார்த்து, நேற்றைய நீங்கள் இதைவிட வேகம் என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். கெரகம் பிடித்த மிஷின்.

அதற்கு அடுத்த நாள் காலை குடோனில் என் வண்டியில் ஏற்றிய முதல் பொட்டலம் கனமாக இருந்தது. மறுபடியும் பூபதி அண்ணனின் ஆபீஸ் முகவரி. மறுபடியும் கண்ணாடிக் கவர். மேலே கவின்ராஜின் சட்டை, எனக்குப் பழகிய சட்டை. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. எட்டுச் சட்டை. எட்டு வண்டி எண்கள். பதினான்கு என்று எழுதிய சட்டையில் 'மிருதுளா, சூலூர்' என்று இருந்தது. என்னைவிட ஒல்லியான பெண் போலிருக்கிறது.

பூபதி அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு, "எனக்கு ஏதாச்சும் வந்திருக்குதா அம்மிணி?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இன்னைக்கு இல்லீங்ணா."

"எட்டு வண்டிக்கும் ஆள் இருக்காதுங்குது."

"ஏன்னு?"

"அத என்னைக்கு அது சொல்லியிருக்குது? அதுக்குத் தெரியாது."

நான் அந்தச் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டுப் பேரும் விழப்போகிறோம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிக்னலில் சாதிக், படிக்கட்டில் லோகேஷ் அண்ணன், எங்கோ ஒரு தெருமுனையில் நான். அப்புறம்தான் உறைத்தது. ஜோசியக்காரனுக்குக் காரணம் தெரியாது. நாங்கள் வண்டியில் இருக்கமாட்டோம் என்பது மட்டும்தான் தெரியும். விழுந்து போகிறோமா, எழுந்து போகிறோமா என்பதை அது இன்னும் எங்களிடம்தான் விட்டுவைத்திருக்கிறது.

"நாங்களா எறங்கிட்டாலும் இந்தச் சட்டை வந்திருக்குங்களா?" என்று கேட்டேன்.

பூபதி அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டைகளைப் பழையபடி அடுக்கி என் பக்கம் தள்ளினார். "நான் இன்னும் ஆர்டர் போடல. ஆர்டர் போடாத சரக்கு சாயங்காலம் வரைக்கும் வண்டியிலதான் இருக்கோணும், அது ரூலு. அதுக்குள்ள அது எங்கெங்க போவுதுன்னு நான் பாக்கல," என்றார்.

பேக்கரிக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். வண்டிகளை வரிசையாக நிறுத்தினோம். ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் பட்டையும் அணைந்தன. இத்தனை வருஷமாக நாங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் இறங்கினால் மறுநாள் ஏற வேறு எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும். அவர்கள் யார், எந்த ஊர், எப்போது வருவார்கள் என்பதுதான் ஒரு நாளும் தெரிந்ததில்லை. இன்றைக்கு அவர்கள் பெயர் எங்கள் மடியில் தைத்துக் கிடக்கிறது. கம்பெனி அவர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவர்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவர்கள் வாசலில் போய் நிற்கலாம். கேட்பதற்கு முன்னால் போய் நிற்பதுதானே எங்கள் தொழிலே?

காத்திருப்பும் வேலை என்று கம்பெனி எழுதிக் கொடுக்கிற வரைக்கும், படுத்தால் லீவு உண்டு என்று சொல்கிற வரைக்கும், இந்தச் சட்டையை மாட்டாதே என்று சொல்லவேண்டும். கேட்பார்களா என்று சாதிக் கேட்டான். தெரியாது என்றேன். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். நாலு பேர் கேட்கலாம், நாலு பேர் கதவைச் சாத்தலாம். பாதிப் பேர் கேட்டால்கூட பாதி வண்டி நிற்கும். பிறகு ஜோசியக்காரன் யாருக்குச் சட்டை தைக்கும் என்று பார்க்கலாம் என்றார் லோகேஷ் அண்ணன்.

பதினோராம் எண் சட்டையைத் தானே கொண்டுபோக அண்ணன் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தன் பொட்டலத்தைத் தான் எடுப்பதில்லை என்பது எங்கள் பழக்கம். மிருதுளாவின் சட்டையை அவரிடம் கொடுத்தேன், சூலூர் ரோடு நேர் ரோடு, படியேறும் வேலை இருக்காது, மெதுவாகப் போங்கள் என்றேன். அவர் அதில் இருந்த என் வண்டி எண்ணை விரலால் தடவினார். பிறகு மடித்து நெஞ்சோரம் வைத்துக்கொண்டு ஏறினார்.

இருகூரில் கவின்ராஜின் வீடு ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. பாதி பூசிய சுவர், வாசலில் ஒரு பழைய மொபெட். வண்டியை நிறுத்தி இறங்கினேன். பட்டை எப்போதோ அணைந்திருந்தது. நான் கதவைத் தட்டுவதற்குள் அவனே வெளியே வந்துவிட்டான். மீசை சரியாக முளைத்து முடியாத முகம். கையில் இருந்த போனில் வெள்ளை வேன் ஒன்றின் படம், கீழே மாதத் தவணை எவ்வளவு என்று கட்டம் கட்டி எழுதியிருந்தது. என் சட்டையையும் வண்டியையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்க்கா, எங்க வீட்ல யாரும் எதும் ஆர்டர் பண்ணலீங்களே?"

பக்கத்து வீட்டுக்குங்க என்று சொல்லிச் சிரிக்கவேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரியும் தம்பி," என்றேன். "இன்னும் பண்ணல."

சட்டையை நீட்டினேன். அவன் கவருக்குள் தைத்திருந்த தன் பெயரைப் படித்தான். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தான். அப்புறம் போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, எனக்கு உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.